துப்பாக்கியைவிடக் காகிதத்துக்கு அஞ்சுங்கள்

வெளிநாட்டில் வாழும் குடும்பங்களின் பாதுகாப்பு குறித்து ஹைதராபாத் வாசகர்கள் இருவரின் கேள்விகளும் ஆலோசகரின் பதில்களும்

கேள்வி 1

நாங்கள் செகந்திராபாத் பத்மாராவ் நகரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். என் கணவரை அவருடைய நிறுவனம் எச்-1பி விசாவில் டாலஸ் பக்கத்தில் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்கு அனுப்பி இரண்டு வருடம் ஆகிறது. நான் கச்சிபௌலியில் ஒரு பன்னாட்டு மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவியாக இருக்கிறேன். மகளுக்குப் பதினோரு வயது. மாமனார், மாமியார் எங்களோடு இருக்கிறார்கள்.

"வேலையை விட்டுவிட்டு எச்-4 விசாவில் குழந்தையோடு வந்துவிடு, எத்தனை நாள் இப்படிப் பிரிந்திருப்பது" என்கிறார் கணவர். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இங்கே டிவியில் அமெரிக்காவில் நம் ஊர்ப் பிள்ளை ஒன்று இறந்ததாகச் செய்தி வந்தாலே மாமியாருக்கு அன்று தூக்கம் போய்விடுகிறது. "அவனையும் திரும்பி வரச் சொல்லு" என்று அழுகிறார். எனக்கு வேறு பயங்களும் உண்டு. அங்கே அவருக்கு வேலை போனால் என்ன ஆகும்? அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் நானும் குழந்தையும் எங்கே நிற்போம்? நான் சம்பாதிக்காமல் எத்தனை வருடம் இருப்பது? மகள் அங்கே எப்படி வளர்வாள்? இங்கே பெரியவர்களை யார் பார்ப்பார்கள்? போகலாமா, வேண்டாமா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

*ஒரு வாசகி, செகந்திராபாத்*

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் பயத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2017 பிப்ரவரி 22 அன்று இரவு, கன்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில், கார்மின் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஹைதராபாத்காரர் ஸ்ரீனிவாஸ் குச்சிபொட்லா வேலை முடிந்து நண்பர் அலோக் மதசானியுடன் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தார். என் நாட்டை விட்டுப் போங்கள் என்று கத்திக்கொண்டு ஒருவன் சுட்டான். 32 வயது ஸ்ரீனிவாஸ் இறந்துபோனார். அலோக் காயத்தோடு தப்பினார். சுட்டவனை மடக்கப் பாய்ந்த இயன் கிரில்லட் என்ற அமெரிக்க இளைஞரையும் குண்டு துளைத்தது, அவர் பிழைத்துக்கொண்டார். கொலையாளிக்கு 2018-ல் மாநில நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் தனித்தனியே ஆயுள் தண்டனை விதித்தன.

இதுவரைதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. ஸ்ரீனிவாஸின் மனைவி சுனயனா துமாலா கணவரின் உடலோடு ஹைதராபாத் வந்தார். ஈமக்கடன் முடிந்த கையோடு அவருக்கு இன்னோர் இடி காத்திருந்தது. அமெரிக்காவில் அவர் வாழ்ந்த உரிமை கணவரின் விசாவைச் சார்ந்தது. கணவர் போனதும் அதுவும் போயிற்று. அங்கே அவருக்குச் சொந்த வீடு இருந்தது, தனியாக ஒரு வேலையும் இருந்தது. இருந்தும் திரும்பிப் போகச் சட்டப்படி அவருக்கு இடமில்லை. கன்சாஸிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான கெவின் யோடர் தலையிட்டு உதவிய பிறகுதான் திரும்பிச் சென்று வேலையைத் தொடர வழி பிறந்தது. அந்தக் கொலையை உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் ஓர் அரசியல்வாதியின் உதவி கிடைத்தது. மாரடைப்பிலோ கார் விபத்திலோ கணவனை இழக்கும் பெண்ணுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே மாமியாரின் பயத்தைவிட, வேலை போனால் என்ன ஆகும், கணவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்விகள்தான் கனமானவை. குடும்பத்தில் மூன்று பேர் இருக்க, மூவரின் வாழ்வும் ஒருவரின் வேலை உத்தரவில் தொங்குவதுதான் எச்-4 வாழ்க்கையின் ஆபத்து. அதைக் குறைக்க வழி செய்துவிட்டுப் போனால் பயமில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உயிருக்குப் பாதுகாப்பு உண்டா?

டெக்சாஸில் துப்பாக்கி சாதாரணம். 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி தடை இல்லாத 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். 2023 மே 6 அன்று ஃபிரிஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான ஆலனில் ஒரு வணிக வளாகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹைதராபாத்திலிருந்து போன இளம் பெண் பொறியாளர். இதை மறைத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்வதில் பயனில்லை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். மிச்சத்திலும் பெரும்பகுதி குறிப்பிட்ட நகர்ப் பகுதிகளிலும் குடும்பச் சண்டைகளிலும் நடப்பவை. சாலை விபத்துகளிலோ ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் இறக்கிறார்கள். நம் தெலுங்கு, தமிழ்ப் பிள்ளைகள் பற்றி வரும் துயரச் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள்: நெடுஞ்சாலை விபத்து, ஏரியிலும் அருவியிலும் மூழ்குவது, பெட்ரோல் பங்கிலும் கடையிலும் இரவு வேலை பார்க்கும்போது நடக்கும் கொள்ளை ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். இவற்றில் பலவற்றை நம் நடத்தையால் தவிர்க்கலாம். தூக்கக் கலக்கத்தில் இரவுப் பயணம் வேண்டாம். பின் இருக்கையிலும் பெல்ட் போடுங்கள். நீச்சல் தெரியாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். சாலையில் எவன் வம்புக்கு இழுத்தாலும் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள். போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, கேட்ட பிறகு காகிதங்களை எடுங்கள். மகளைத் தோழி வீட்டுக்கு அனுப்புமுன், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். அங்கே பல பெற்றோர் இதைக் கேட்பதுண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

மாமியாருக்கு ஒரு வழி சொல்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் மகன் வீடியோவில் முகம் காட்டட்டும். செய்திச் சேனல் தருகிற பயத்துக்கு வேறு எந்த மருந்தும் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது.

அவருக்கு வேலை போனால்?

எச்-1பி ஊழியருக்கு வேலை போனால், அடுத்த வழி தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. விசா அனுமதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு நிறுவனம் அவர் பெயரில் மனு போட வேண்டும், அல்லது வேறு விசா வகைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மனைவியும் குழந்தையும் கூடவே கிளம்ப வேண்டியதுதான். பள்ளியில் பரீட்சை நடக்கிறது, வீட்டு ஒப்பந்தம் முடியவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது.

மருத்துவக் காப்பீடும் வேலையோடு சேர்ந்தது. வேலை போனபின் 'கோப்ரா' என்ற ஏற்பாட்டில் பொதுவாக 18 மாதம்வரை அதைத் தொடரலாம். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியமும் உங்கள் தலையில் விழும். அதனால் ஆறு மாதக் குடும்பச் செலவு கையில் சேர்ந்திருக்கிறதா என்று கணவரிடம் கேளுங்கள். சேரவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஹைதராபாத் வீட்டை விற்றுவிட்டு அங்கே வீடு வாங்கும் யோசனை இருந்தால், அதை இப்போது முழுவதுமாக மறந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் உடனே கேளுங்கள்: கிரீன் கார்டு வேலையை நிறுவனம் தொடங்கிவிட்டதா? எச்-1பிக்கு ஆறு ஆண்டு வரம்பு. அதில் இரண்டு போய்விட்டது. அந்த வரம்பு முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பாவது தொழிலாளர் சான்றுக்கான மனுவோ, ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவோ பதிவாகியிருந்தால்தான் அதற்கு மேல் நீட்டிப்பு எளிது. ஐ-140 அங்கீகாரமாகி 180 நாள் கடந்துவிட்டால், நிறுவனம் பிறகு கைவிட்டாலும் வரிசையில் பிடித்த இடம் பொதுவாகப் போகாது. பல நிறுவனங்கள் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றே நாலு வருடத்தை ஓட்டிவிடும். சம்பள உயர்வைவிட இதைத்தான் அவர் எழுத்தில் வாங்க வேண்டும்.

அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்கவே நம் வீடுகளில் வாய் கூசும். அமங்கலம் என்பார்கள். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் இவற்றை முடியுங்கள். கணவர் பெயரில் போதுமான டேர்ம் காப்பீடு இருக்க வேண்டும், வெளிநாட்டில் இறந்தாலும் செல்லுமா என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அவருடைய வங்கிக் கணக்கில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். அவருடைய ஓய்வூதியச் சேமிப்பிலும் நிறுவனக் காப்பீட்டிலும் உங்களைப் பயனாளியாக எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு மாற்ற மறந்தவர்கள் ஏராளம். இருவரும் உயில் எழுதுங்கள். இருவருக்குமே ஏதாவது நேர்ந்தால் மகள் யாரிடம் வளர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். எல்லா விசா, வரி, காப்பீட்டுக் காகிதங்களின் நகல் ஒன்று ஹைதராபாத்திலும் இருக்க வேண்டும்.

டெக்சாஸில் நடப்பவற்றை ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் கவனிக்கிறது. அதன் அவசர எண்ணை மாமனாரின் போனிலும் பதிந்து வையுங்கள்.

நான் வேலை பார்க்க முடியுமா?

எச்-4 விசாவில் போனவுடன் முடியாது. 2015 மே மாதம் முதல் எச்-4 துணைவருக்கு வேலை அனுமதி அட்டை தரும் விதி இருக்கிறது. ஆனால் கணவரின் ஐ-140 அங்கீகாரமாகியிருக்க வேண்டும், அல்லது அவர் ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி நீட்டிப்பில் இருக்க வேண்டும். அந்த விதியை எதிர்த்த வழக்கை 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்ததால் அது பிழைத்தது. அதே மாதக் கடைசியில் வேறு ஒரு கதவு பாதி சாத்தப்பட்டது: அட்டையைப் புதுப்பிக்க மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது கிடைத்துவந்த தானியங்கி நீட்டிப்பு, 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் மனுக்களுக்குக் கிடையாது. புது அட்டை வரத் தாமதமானால் இருக்கிற வேலையும் நின்றுபோகும்.

ஹைதராபாத்திலிருந்தே உங்கள் பெயரில் ஒரு எச்-1பி முயன்றால் என்ன? ஆண்டுக்கு 85,000 இடங்களுக்குக் குலுக்கல். அதற்கு மேல், 2025 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, வெளிநாட்டில் இருப்பவருக்காகப் புதிதாக மனு போடும் நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும். அநேகமாக எந்த நிறுவனமும் முன்வராது.

உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. நீங்கள் வேலை பார்ப்பது பன்னாட்டு நிறுவனம். அதற்கு அமெரிக்காவில் கிளை இருக்குமானால் எல்-1 இடமாற்றம் கேளுங்கள். அந்த நிறுவனத்தில் ஓராண்டாவது தொடர்ந்து பணியாற்றியவர், நிர்வாகப் பொறுப்பிலோ தனித்த தொழில் அறிவு தேவைப்படும் பொறுப்பிலோ இருப்பவர் கேட்கலாம். குலுக்கல் இல்லை, அந்த ஒரு லட்சம் டாலரும் இல்லை. அப்படிப் போனால் நீங்கள் யாரையும் சார்ந்தவரல்ல. கணவருக்கு வேலை போனாலும் உங்கள் விசாவின் நிழலில் அவரும் மகளும் இருக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு பேர் பெயரிலும் தனித்தனி விசா இருப்பதைப்போன்ற பாதுகாப்பு வேறில்லை. டாலஸிலேயே வேலை கிடைக்காமல் வேறு ஊர் கிடைத்தாலும் யோசித்துப் பாருங்கள். ஒரே நாட்டில் சில மணி நேர விமானப் பயணம், இன்றைய பிரிவைவிட எவ்வளவோ மேல்.

எல்-1 கிடைக்கவே கிடைக்காது, எச்-4 தான் என்றால் அங்கே போனதும் முதல் வேலையாகக் கார் ஓட்டக் கற்று உரிமம் வாங்குங்கள். ஃபிரிஸ்கோ போன்ற ஊரில் பஸ்ஸை நம்பி வாழ முடியாது; கார் ஓட்டத் தெரியாத பெண் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுவாள். வீட்டு ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் எல்லாச் சகோதரிகளுக்குமாக ஒரு வார்த்தை. உங்கள் கணவர் நல்லவராகவே தெரிகிறார். ஆனால் விசாவைக் காட்டி மனைவியை மிரட்டும் ஆண்கள் இருக்கிறார்கள். வீட்டில் அடி விழுந்தால் 911-ஐ அழைக்கலாம்; அழைத்தவரின் விசா அதனால் ரத்தாகாது. கொடுமைக்கு ஆளான எச்-4 மனைவிக்குத் தனியாக வேலை அனுமதி தரவும் சட்டத்தில் இடமுண்டு. டாலஸ் வட்டாரத்தில் 'சேத்னா', நியூ ஜெர்சியில் 1985 முதல் இயங்கும் 'மானவி' ஆகியவை தெற்காசியப் பெண்களுக்காகவே நடக்கும் அமைப்புகள். இங்கே தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மணங்களுக்கென்றே ஒரு பிரிவு 2009 முதல் இருக்கிறது. தெலங்கானா காவல்துறையின் மகளிர் பாதுகாப்புப் பிரிவிலும் புகார் தரலாம்.

மகள் எப்படி வளர்வாள்?

பள்ளியைப் பற்றிக் கவலை வேண்டாம். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை; வீட்டு முகவரிதான் எந்தப் பள்ளி என்று தீர்மானிக்கும். எனவே வீட்டை எடுக்குமுன் பள்ளியைப் பாருங்கள். துப்பாக்கிக்காரன் நுழைந்தால் வகுப்பறையைப் பூட்டி ஒளிந்துகொள்ளும் ஒத்திகை அங்கே வழக்கம். முதல் தடவை அவள் பயந்துபோய் வீட்டுக்கு வரலாம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடித்து வளர்ப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடம் கொடுக்காதீர்கள். நார்வேயில் வேலை பார்த்த ஆந்திரத் தம்பதிக்கு, ஏழு வயது மகனைத் துன்புறுத்திய குற்றத்துக்காக 2012 டிசம்பரில் ஓஸ்லோ நீதிமன்றம் தந்தைக்கு 18 மாதமும் தாய்க்கு 15 மாதமும் சிறை விதித்தது. அமெரிக்கச் சட்டம் நார்வே அளவுக்குக் கடுமை இல்லை. ஆனால் உடலில் தழும்பு கண்டால் ஆசிரியர் குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அது அவருடைய சட்டக் கடமை.

உண்மையான சிக்கல் பத்து வருடம் கழித்து வரும். 21 வயதில் மகள் எச்-4 தகுதியை இழப்பாள். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை எப்படி இருக்கிறது தெரியுமா? இரண்டாம் வேலைவாய்ப்புப் பிரிவில் 2013 தொடக்கத்தில் இடம் பிடித்தவர்களுக்குத்தான் 2025 கடைசியில் முறை வந்தது. இன்று வரிசையில் சேர்பவரின் பதினோரு வயதுக் குழந்தைக்கு, 21-க்குள் அது கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. அப்போது அவள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் தான் வளர்ந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் இந்தப் பயணத்தை 'அமெரிக்காவில் குடியேறுவது' என்று மகளிடம் சொல்லாதீர்கள். சில வருடம் அங்கே இருக்கப்போகிறோம், பிறகு பார்ப்போம் என்று சொல்லுங்கள். பிற்பாடு இந்தியக் கல்லூரியிலும் சேரக்கூடியவளாக அவள் வளரட்டும்.

தமிழ் விஷயத்தில் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் குடும்பமே தெலுங்கும் உருதும் பேசும் ஊரில் மூன்று தலைமுறையாகத் தமிழோடு இருக்கிறதே! செகந்திராபாத்தில் வந்து தங்கிய தமிழர்கள் ஊருக்குப் பயப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. சோமசுந்தரம் முதலியார் 1862-ல் தொடங்கிய பள்ளிதான் பிறகு மஹபூப் கல்லூரி ஆயிற்று. 1893 பிப்ரவரியில், சிகாகோவுக்குப் போகுமுன், விவேகானந்தர் அங்கே சொற்பொழிவாற்றினார். ஊருக்கே பள்ளி கட்டிக் கொடுத்தவர்களை ஊர் அந்நியராக வைத்திருக்கவில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். பிளேனோ தமிழ்ப் பள்ளி, மெட்ரோபிளக்ஸ் தமிழ்ச் சங்கம் இரண்டும் டாலஸ் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் சேருங்கள்; அதோடு மகளின் பள்ளிப் பெற்றோர் சங்கத்திலும் சேருங்கள். அவசரத்துக்கு மூன்றாவது வீட்டு அமெரிக்கக்காரர்தான் முதலில் ஓடி வருவார். ஒலேத்தாவில் குறுக்கே பாய்ந்தவரும் அமெரிக்கர்தான்.

பெரியவர்களை யார் பார்ப்பது?

இதற்கு நேர்மையான பதில்: நீங்கள் கிளம்பினால் கொஞ்சம் குறை வரத்தான் செய்யும். அந்தக் குறையை ஆள் வைத்துத்தான் அடைக்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் ஒரு உறவினரோ நண்பரோ பொறுப்பேற்க வேண்டும்; சும்மா சொல்லி வைப்பது போதாது, வீட்டுச் சாவியும் மருத்துவரின் எண்ணும் அவரிடம் இருக்க வேண்டும். மாமனார் மாமியார் பெயரில் மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுங்கள். வயது ஏற ஏற நிபந்தனைகள் கூடும். முதியோருக்கான 14567 இலவச உதவி எண்ணை இருவருக்கும் பழக்குங்கள். வங்கி, வீட்டு வரி வேலைகளுக்கு நம்பகமான ஒருவருக்கு அளவான அதிகாரப் பத்திரம் கொடுங்கள். சொத்தை விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள்.

"ஒரு அவசரம் என்றால் ஓடி வந்துவிடுவோம்" என்ற நம்பிக்கையும் இப்போது பலவீனமாகிவிட்டது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகப் பக்கங்களையும் அமெரிக்கத் தூதரகங்கள் ஆராய்கின்றன. அதனால் இந்தியாவில் நேர்காணல்கள் மாதக் கணக்கில் தள்ளிப்போய், விசா முத்திரை குத்திக்கொண்டு திரும்பலாம் என்று ஊருக்கு வந்த பலர் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். விசாவுக்காகச் சில்குர் பாலாஜி கோயிலை 11 சுற்றுச் சுற்றி வேண்டிக்கொண்டு, விசா வந்ததும் 108 சுற்றி முடிப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். இனி ஊருக்கு வந்து திரும்புவதற்கும் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது! பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா முத்திரை இருக்கும் காலத்துக்குள்ளேயே ஊர்ப் பயணங்களை வைத்துக்கொள்ளுங்கள். மகன் வர முடியாத நேரத்தில் யார் எதைச் செய்வது என்பதைப் பெரியவர்களோடு உட்கார்ந்து இப்போதே பேசுங்கள்.

அப்படியானால் போகலாமா?

போகலாம். ஆனால் இன்றைக்கே ராஜினாமா எழுத வேண்டாம். முதலில் எல்-1 கேளுங்கள். அதற்குள் மகளின் கோடை விடுமுறையில், சம்பளமில்லா விடுப்பு போட்டுக்கொண்டு, எச்-4 விசாவில் போய் ஃபிரிஸ்கோவில் இருந்து பாருங்கள். எல்-1 கிடைத்தால் தயங்காமல் போங்கள். கிடைக்காவிட்டால், கணவரின் ஐ-140 அங்கீகாரமாகி, ஆறு மாதச் செலவும் கையில் இருக்கும் நாளில் போங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணவருக்கு நான் சொல்வது: மனைவி வேலையை விட்டு வரவேண்டும் என்று கேட்பவர், நிறுவனத்திடம் கிரீன் கார்டு மனுவை அதே உறுதியோடு கேட்கட்டும்.

கேள்வி 2

என் தம்பி ரியாத்தில் டிரைவர். தம்பி மனைவிக்கு 27 வயது, எட்டாவது வரை படித்தவள். இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. குடும்ப விசா எடுக்கத் தம்பிக்கு வசதி போதாது. இங்கே ஒரு ஏஜெண்ட், "விசிட் விசாவில் அனுப்புகிறேன், அங்கே ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஊரில் இருக்கலாம்" என்கிறார். ஒன்றரை லட்சம் கேட்கிறார். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். அனுப்பலாமா?

*ஒரு வாசகி, மெஹதிபட்டினம்*

பதில்

வேண்டாம் அம்மா. ஒரு ரூபாய்கூட முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.

பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டில் சவூதி போன்ற நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. அரசு நிறுவனங்கள் வழியாகவோ, அரசு வகுத்த நேரடி முறையிலோதான் போகவும் முடியும். உங்கள் தம்பி மனைவிக்கு 27 வயது. விதிப்படி அனுப்ப முடியாது என்பதால்தான் ஏஜெண்ட் விசிட் விசாவைக் காட்டுகிறார். விசிட் விசாவில் வேலை பார்ப்பது சவூதியில் குற்றம். பிடிபட்டால் சிறை, நாடு கடத்தல், திரும்பவும் நுழையத் தடை. சம்பளம் தராமல் வீட்டுக்குள் பூட்டி வைத்தால் காட்டுவதற்கு ஓர் ஒப்பந்தம்கூட இருக்காது. ஒரே ஊரில் இருந்தும் புருஷனைப் பார்க்க விடமாட்டார்கள். ஹைதராபாத் பழைய நகரத்திலிருந்து இப்படிப் போய்ச் சிக்கியவர்களை மீட்க அலைந்த குடும்பங்கள் எத்தனையோ.

பதிவு பெற்ற ஏஜெண்ட் ஒருவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்பதிலேயே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. ஏஜெண்டின் உரிமத்தை 'இ-மைக்ரேட்' தளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

குடும்ப விசாவே கிடைத்தாலும் செலவைக் கணக்குப் பாருங்கள். சவூதி அரசு 2017 ஜூலையில், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் ஏறி 2020-ல் அது 400 ஆனது. அதைத் தாங்க முடியாமல் ஹைதராபாத் குடும்பங்கள் பல மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டன. டிரைவர் சம்பளத்தில் இரண்டு பேருக்கு மாதம் 800 ரியால் கட்டிவிட்டு மிச்சத்தில் வாழ முடியாது.

தம்பியின் பாதுகாப்புக்குச் செய்ய வேண்டியவை இரண்டு. வெளிநாடு போகும் தொழிலாளருக்கான 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம்; விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். முடிந்திருந்தால் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அடுத்து, அவருடைய இக்காமா (சவூதி வசிப்பு அனுமதி அட்டை), ஒப்பந்தம், முதலாளியின் முகவரி ஆகியவற்றின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். சிக்கல் என்றால் 1800-11-3090 என்ற மத்திய அரசின் இலவச எண்ணை அழையுங்கள்; பேகம்பேட்டை பிரஜா பவனில் வெளிநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கென நடக்கும் 'பிரவாசி பிரஜாவாணி' மையத்துக்கும் போங்கள். வளைகுடாவில் இறக்கும் தெலங்கானாத் தொழிலாளரின் குடும்பத்துக்கு மாநில அரசு 5 லட்சம் ரூபாய் தருகிறது. தமிழ்நாட்டு முகவரி உள்ளவர்கள் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம்.

தம்பி மனைவிக்கு இங்கேயே ஒரு தொழில் கற்றுக்கொடுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்கவிருந்த ஒன்றரை லட்சத்தில் தையல் இயந்திரமும் வாங்கலாம், சின்னதாக ஒரு கடையும் போடலாம். தம்பி வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்துபோக டிக்கெட்டும் எடுக்கலாம்.

ஃபிரிஸ்கோவோ ரியாத்தோ, வெளிநாட்டுக்குக் குடும்பத்தை அனுப்பும் எல்லோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: டிக்கெட் எடுக்கும் முன் ஒரு நாள் குடும்பமாக உட்காருங்கள். விசா யார் பெயரில் இருக்கிறது, அது போனால் எத்தனை நாளில் கிளம்ப வேண்டும், பணம் யார் கணக்கில் இருக்கிறது, காப்பீட்டுத் தொகை யாருக்கு வரும் என்ற நாலு கேள்விக்கும் வீட்டுப் பெண்ணுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத வரைக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள்.